மற்றவரின் வசனத்தைப் பேசுதல்

(நூற்றாண்டு விழா உரைத்தொடரில், பழைய மாணவிகள் சங்கத்தின் நாடகக் குழு சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



'அரங்கும் சமாதானமும்' என்ற தலைப்பில் பேசும்படி நாடகக் குழுவினராகிய எம்மைக் கேட்டிருந்தார்கள். யூதரையும் பலஸ்தீனரையும் ஒரே மேடைக்குக் கொண்டுவர எடுக்கப்பட்ட முயற்சிகளைப் பற்றிப் பேசுவது என்று தீர்மானித்தோம். அதற்குக் காரணம் உண்டு. எமது சகோதரிகள் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழ்கிறார்கள். அவர்கள் கடமையாற்றும் வைத்தியசாலைகளில், அவர்களுடைய பிள்ளைகள் படிக்கும் வகுப்பறைகளில், யூதரும் பலஸ்தீனரும் அருகருகே இருக்கிறார்கள். யாரிடம் எதைப் பேசுவது என்று தெரியாமல், அந்தப் பேச்சையே விட்டுவிட்டோம் என்கிறார்கள் பலர். இந்த மண்டபத்திலும் காஸாவிலிருந்து வந்த படங்களைப் பார்த்து உறக்கம் இழந்தவர்கள் இருக்கிறீர்கள். பேச முடியாத இடத்தில் நாடகம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதையே இன்று பார்க்கப் போகிறோம்.

எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மற்றவருடைய வசனத்தைத் தன் வாயால் பேசிப் பழகிய ஒருவருக்கு அந்த மற்றவரை முன்போல வெறுப்பது கடினம். ஆனால் ஒத்திகைக்கு ஒவ்வொருவரும் எந்த வழியால் வந்து சேர்ந்தார்கள் என்பதை மறைத்துவிட்டு நடத்தும் நாடகம் பாலமாக இராது. மண்டபத்தில் தொங்கும் தோரணமாகத்தான் இருக்கும்.

ஒரே ஆண்டுக்கு இரண்டு பெயர்கள் இருப்பதிலிருந்து தொடங்கலாம். 1948 ஆம் ஆண்டை இஸ்ரேலிய யூதர் சுதந்திரத்தின் ஆண்டு என்கிறார்கள். ஐரோப்பாவில் 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்டு மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த நேரம் அது. உயிர் தப்பியவர்களுக்கு ஒரு நாடு கிடைத்தது என்பது அவர்களுடைய கதை. அதே ஆண்டைப் பலஸ்தீனர் நக்பா, அதாவது பேரழிவு என்கிறார்கள். ஏறத்தாழ 7 இலட்சம் பலஸ்தீனர் தமது வீடுகளை இழந்து அகதிகளானார்கள். வீட்டுத் திறப்பைக் கையோடு கொண்டு போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் முகாம்களில் இருக்கிறார்கள். இவற்றில் ஒன்று உண்மை, மற்றது பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. இரண்டும் நடந்தவை.

இத்தகைய விடயத்தை விவாதத்தில் பேசினால் என்ன நடக்கும் என்பது எமக்கு நன்றாகத் தெரியும். இந்தப் பாடசாலை எத்தனையோ விவாதப் போட்டிகளில் வென்ற பாடசாலை. எதிரணி பேசும்போது நாங்கள் கேட்டுக்கொண்டிருப்பது, அதை எங்கே வெட்டலாம் என்று பார்ப்பதற்காகத்தான். நாடகத்தில் அந்த வசதி இல்லை. எமக்குப் பிடிக்காத பாத்திரத்தைத் தந்துவிட்டால், அந்தப் பெண் ஏன் அப்படிப் பேசுகிறாள் என்று யோசிக்க வேண்டும். அவளுடைய வசனத்தை மனனம் செய்ய வேண்டும். அவள் மூச்சு வாங்கும் இடத்தில் நாமும் மூச்சு வாங்க வேண்டும். அவளோடு உடன்பட வேண்டியதில்லை. ஆனால் அவளுக்கும் ஒரு காரணம் இருந்தது என்பதை உடம்பு அறிந்துகொள்கிறது.

1994 ஆம் ஆண்டில் எருசலேமில் ஒரு முயற்சி நடந்தது. அந்நகரின் இஸ்ரேலிய நாடக நிறுவனமான கான் அரங்கும், பலஸ்தீன நாடக நிறுவனமான அல்-கஸபாவும் சேர்ந்து 'ரோமியோ ஜூலியற்' நாடகத்தை மேடையேற்றின. எரான் பனியேல், ஃபுவாத் அவாத் ஆகிய இருவரும் இணைந்து நெறியாண்டார்கள். ரோமியோவின் குடும்பத்தினராகப் பலஸ்தீன நடிகர்களும், ஜூலியற்றின் குடும்பத்தினராக இஸ்ரேலிய நடிகர்களும் நடித்தார்கள். அரபும் ஹீப்ருவும் ஒரே மேடையில் ஒலித்தன. ஒஸ்லோ உடன்படிக்கை கைச்சாத்தாகி ஓராண்டுகூட ஆகவில்லை. அந்த ஆண்டு பெப்ரவரியில் ஹெப்ரோன் நகரின் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த 29 பலஸ்தீனரை யூதக் குடியேறி ஒருவர் சுட்டுக்கொன்றார். ஏப்ரலில் அஃபுலாவிலும் ஹதேராவிலும் பேருந்துகளைக் குறிவைத்த தற்கொலைக் குண்டுகள் இஸ்ரேலியரைக் கொன்றன. அப்படிப்பட்ட ஆண்டில் இருதரப்பு நடிகர்களும் ஒரே மேடையைப் பகிர்ந்தார்கள் என்பதே பெரிய விடயம்.

ஆனாலும் அந்த நாடகத் தெரிவைப் பற்றி ஒரு கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஷேக்ஸ்பியரின் கதையில் இரு குடும்பங்களும் செல்வத்திலும் அந்தஸ்திலும் சமமானவை. பழைய பகை ஒன்றுதான் இடையில் நிற்கிறது; பகை மறந்தால் எல்லாம் சரியாகிவிடும். இஸ்ரேலியரும் பலஸ்தீனரும் அப்படிச் சமமாக நிற்கவில்லை. ஒரு பக்கத்தாரிடம் அரசும் இராணுவமும் இருக்கின்றன. மற்றப் பக்கத்தார் 1967 முதல் அந்த இராணுவத்தின் ஆட்சியின் கீழ் வாழ்கிறார்கள்.

இது அரசியல்வாதிகளுக்கு மட்டும் உரிய விடயம் அல்ல. ஒத்திகை நேரத்தைக் குறிக்கும் நெறியாளருக்கே இது முதற் பிரச்சினை. மேற்குக்கரையிலிருந்து ஒரு பலஸ்தீன நடிகை இஸ்ரேலுக்குள் வர வேண்டுமானால் இராணுவத்தின் அனுமதிப் பத்திரம் வேண்டும். அது கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைத்தாலும் சோதனைச் சாவடியில் எத்தனை மணிநேரம் நிற்க வேண்டிவரும் என்று சொல்ல முடியாது. பலஸ்தீன நகரங்களுக்குள் இஸ்ரேலியர் செல்வதையும் இஸ்ரேலியச் சட்டம் தடுக்கிறது. ஆகவே இருவரும் சட்டப்படி சந்திக்கக்கூடிய இடங்கள் மிகச் சில. பெத்லகேமுக்கு அருகே பெய்ட் ஜாலாவில் உள்ள தலித்தா கூமி பாடசாலை அவற்றுள் ஒன்று. 1851 ஆம் ஆண்டில் ஜேர்மன் திருச்சபைச் சகோதரிகள் எருசலேமில் பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பாடசாலை அது. பின்னர் பெய்ட் ஜாலாவுக்கு இடம்மாறியது. இருதரப்பினரும் வந்து சேரக்கூடிய எல்லைக்கோட்டில் அமைந்திருப்பதால் பல உரையாடல் குழுக்கள் அங்கே கூடியிருக்கின்றன. வேதாகமத்தில் வரும் அந்தப் பெயருக்கு 'சிறுபெண்ணே, எழுந்திரு' என்பது பொருள். எமது பாடசாலையைப் போல இன்னொரு பாடசாலையின் மண்டபம் இப்படியொரு வேலைக்கு இடம் கொடுத்திருக்கிறது என்பதை அறிய எமக்கு மகிழ்ச்சி.

இந்தச் சமமின்மையை மறைக்காமல், அதையே நாடகத்தின் பொருளாக்கியவர்களும் உண்டு. 2006 ஆம் ஆண்டில் முன்னாள் இஸ்ரேலியப் படையினரும் முன்னாள் பலஸ்தீனப் போராளிகளும் சேர்ந்து 'சமாதானத்துக்கான போராளிகள்' என்ற இயக்கத்தை ஆரம்பித்தார்கள். அதன் நிறுவுநர்களில் ஒருவரான ஹென் அலோன் ஒரு நடிகர். படையில் அதிகாரியாக இருந்து, ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளில் பணியாற்ற மறுத்தவர். பிரேசில் நாட்டின் ஒகஸ்தோ போவால் உருவாக்கிய 'ஒடுக்கப்பட்டோர் அரங்கு' என்ற முறையை அவர்கள் கையாண்டார்கள். நாடகமும் அரங்கியலும் கற்கும் மாணவிகள் போவாலைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். விவாத அரங்கில் ஒரு சிறு காட்சி நடிக்கப்படும்; அது அநீதியில் முடியும். பின் அதே காட்சி மீண்டும் தொடங்கும். பார்வையாளர் எவரும் 'நிறுத்துங்கள்' என்று கூறி மேடையேறி, ஒடுக்கப்படுபவரின் இடத்தில் நின்று, வேறு என்ன செய்திருக்கலாம் என்று நடித்துக் காட்டலாம்.

சோதனைச் சாவடிக் காட்சியை எண்ணிப் பாருங்கள். நோயுற்ற பிள்ளையோடு ஒரு தாய். துப்பாக்கியோடு 19 வயதுப் படையினன். பார்வையாளராக வந்த இஸ்ரேலியப் பெண் ஒருவர் மேடையேறி அந்தத் தாயின் இடத்தில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கெஞ்சிப் பார்ப்பார், வாதாடிப் பார்ப்பார், சட்டம் பேசிப் பார்ப்பார். ஒன்றுமே பலிக்காதபோது, அந்த இடத்தில் நல்ல வார்த்தைக்கு எவ்வளவு குறைந்த பெறுமதி என்பது அவருக்கு விளங்கும். நூறு கட்டுரை படித்தும் விளங்காத ஒன்று ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். அந்த இயக்கத்தினர் மூடிய மண்டபங்களில் மட்டும் ஆற்றுகை செய்யவில்லை. மேற்குக்கரையில் வீதிகளை மறித்திருந்த தடைகளின் அருகிலும் செய்தார்கள்.

இன்னொரு வழி, மற்றவருடைய கதையைத் தன் மக்களுக்கு முன் தன் மொழியில் நடித்துக் காட்டுவது. பலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானி 1969 இல் எழுதிய 'ஹைஃபாவுக்குத் திரும்புதல்' என்ற குறுநாவல் இதற்கு உதாரணம். 1948 இல் ஹைஃபா நகரைவிட்டு ஓடிய பலஸ்தீனத் தம்பதியர், தமது கைக்குழந்தையை எடுக்க முடியாமல் வீட்டிலேயே விட்டுவிட நேர்கிறது. 1967 யுத்தத்தின் பின் வழி திறந்தபோது அவர்கள் அந்த வீட்டைத் தேடி வருகிறார்கள். அங்கே ஐரோப்பாவில் தன் உறவுகளை நாசிகளிடம் பறிகொடுத்த ஒரு யூதப் பெண் இருக்கிறார். குழந்தையை அவரே வளர்த்திருக்கிறார். பிள்ளை இப்போது யூதனாக, இஸ்ரேலிய இராணுவ உடையில் வந்து நிற்கிறான். யார் பெற்றோர், யாருடைய வீடு என்ற கேள்விகளோடு கதை நகர்கிறது. கனஃபானி 1972 இல் பெய்ரூட்டில் கார்க் குண்டில் கொல்லப்பட்டார். ஆனால் 2008 இல் தெல் அவிவ் நகரின் கமேரி அரங்கு அதே கதையை, போவாஸ் காவோன் எழுதிய ஹீப்ரு எழுத்துருவில் மேடையேற்றியது. பலஸ்தீனத் துயரம் யூதப் பார்வையாளர் முன் பேசப்பட்டது. எதிர்ப்பும் எழுந்தது. நாடகம் நிற்கவில்லை.

இதுவரை சொன்னவற்றைக் கேட்டு, நாடகம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. ஜெனின் அகதி முகாமின் கதையை அதற்காகவே சொல்கிறோம். ஆர்னா மேர் என்பவர் 1929 இல் பிறந்த யூதப் பெண். இளமையில் யூதப் படையணியில் இருந்தவர். பின்னர் பலஸ்தீனர் ஒருவரை மணந்தவர். முதலாவது இந்திபாதா காலத்தில் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஜெனினில் பிள்ளைகளுக்குக் கல்வி நிலையங்களை அமைத்தார். 1993 இல் மாற்று நோபல் எனப்படும் விருது கிடைத்தது. அந்தப் பணத்தைக் கொண்டு முகாமில் ஒரு சிறுவர் அரங்கை உருவாக்கினார். ஒரு பலஸ்தீனத் தாய் தனது வீட்டின் மேல்மாடியை அதற்குக் கொடுத்தார். ஆர்னாவின் மகன் ஜூலியானோ மேர்-கமிஸ் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கினார். 1995 இல் ஆர்னா புற்றுநோயால் இறந்தார்.

இரண்டாவது இந்திபாதாவில் அந்தப் பிள்ளைகளிற் பலர் ஆயுதம் ஏந்தி இறந்தார்கள். அவர்களில் ஒருவர் 2001 இல் ஹதேராவில் பொதுமக்களைச் சுட்டுவிட்டு இறந்தார். 2002 இல் இராணுவ நடவடிக்கைகளின்போது மேல்மாடி கொடுத்த தாயும் கொல்லப்பட்டார், அரங்கும் இடிந்துபோயிற்று. 'ஆர்னாவின் பிள்ளைகள்' என்ற ஆவணப்படத்தில் ஜூலியானோ எதையும் மறைக்காமல் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். 2006 இல் அவர் ஜெனினுக்கே திரும்பி, பலஸ்தீன நண்பர்களோடு 'சுதந்திர அரங்கு' என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். ஆக்கிரமிப்பை எதிர்த்ததோடு, முகாமுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தபோதும் பெண்பிள்ளைகளை மேடையேற்றினார். 2011 ஏப்ரல் 4 ஆம் திகதி அந்த அரங்கின் அருகிலேயே அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். கொலையாளி யார் என்று நிரூபிக்கப்படவில்லை. அரங்கு தொடர்ந்து இயங்கியது. 2023 டிசம்பரில் இஸ்ரேலிய இராணுவம் அங்கே புகுந்து தேடுதல் நடத்தி அதன் பணிப்பாளரைக் கைதுசெய்தது. விசாரணையின்றி ஓராண்டுக்கு மேலாக அவர் தடுத்து வைக்கப்பட்டார்.

நாடகம் பழகிய பிள்ளைகளை அந்த மேடை காப்பாற்றவில்லையே என்று கேட்கலாம். காப்பாற்றவில்லைத்தான். வீட்டை இடிக்கும் இயந்திரத்தை வசனத்தால் நிறுத்த முடியாது. இதனால்தான் பலஸ்தீனக் கலைஞர்கள் பலர் இத்தகைய கூட்டு முயற்சிகளில் சேர மறுக்கிறார்கள். 'ஆக்கிரமிப்பு அப்படியே இருக்க, மேடையில் மட்டும் நாம் கைகோத்து நின்றால், எல்லாம் வழமையாக இருக்கிறது என்று உலகம் நினைத்துவிடும்' என்பது அவர்களுடைய வாதம். அதை நாம் இலேசாக ஒதுக்கிவிடக் கூடாது. மறுபுறம், மறுப்பு யூதக் கலைஞர்களிடமிருந்தும் வந்திருக்கிறது. 2010 இல் மேற்குக்கரைக் குடியேற்றமான அரியேலில் புதிய கலாசார மண்டபம் திறக்கப்படவிருந்தபோது, அங்கே நடிக்க மாட்டோம் என்று இஸ்ரேலிய நாடகக் கலைஞர்கள் பலர் ஒப்பமிட்டார்கள். எந்த மேடையில் ஏறுவது என்பதும் எந்த மேடையில் ஏற மறுப்பது என்பதும் உரையாடலின் பகுதிதான்.

மேடைக்கு வரவே முடியாதவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ரமல்லாவின் ஆஷ்தார் அரங்கு 2010 இல் 'காஸா மொனொலொக்ஸ்' என்ற தொகுப்பை உருவாக்கியது. அதற்கு முந்திய யுத்தத்தைக் கடந்து வந்த காஸாவின் இளம்பிள்ளைகள் தமது அனுபவங்களைத் தனியுரைகளாக எழுதினார்கள். அவர்களால் காஸாவை விட்டு வெளியே வர முடியவில்லை. ஆகவே வேறு நாடுகளின் பிள்ளைகள் அந்த உரைகளைத் தமது மொழிகளில், தமது மேடைகளில் பேசினார்கள். 2023 ஒக்டோபர் 7 ஆம் திகதி ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டு, ஏறத்தாழ 250 பேர் பணயக்கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அதன்பின் இஸ்ரேல் நடத்திய யுத்தத்தில் காஸாவில் பல்லாயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அவர்களுட் பெருந்தொகையானோர் பெண்களும் சிறுவர்களும். அந்த நவம்பர் 29 ஆம் திகதி, பலஸ்தீன மக்களுடனான சர்வதேச ஒருமைப்பாட்டு நாளில், பழைய தனியுரைகளை உலகெங்கும் வாசிக்கும்படி ஆஷ்தார் அழைப்பு விடுத்தது. 13 ஆண்டுகளுக்கு முன் எழுதிய சொற்கள் ஒன்றும் பழையதாகியிருக்கவில்லை.

அதே காலத்தில் நொறுங்கிவிடாத இன்னோர் உரையாடலும் உண்டு. இந்தப் பிணக்கில் தமது உறவுகளை இழந்த இருதரப்புக் குடும்பங்களும் சேர்ந்த 'பெற்றோர் வட்டம்' 1995 முதல் இயங்குகிறது. அதன் உறுப்பினரான ராமி எல்ஹனானின் மகள் ஸ்மதார் 1997 இல் எருசலேம் தெருவில் தற்கொலைக் குண்டுக்குப் பலியானாள், வயது 13. பஸ்ஸாம் அரமீனின் மகள் அபீர் 2007 இல் பாடசாலைக்கு அருகே இஸ்ரேலியப் படையினரின் சூட்டுக்குப் பலியானாள், வயது 10. இந்த இரு தந்தையரும் ஒன்றாகப் போய்ப் பாடசாலைப் பிள்ளைகள் முன் தத்தம் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே ஒளியமைப்பு இல்லை, ஒப்பனை இல்லை. இரண்டு கதிரைகள் மட்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் எழுந்து போகாமல் இருந்து கேட்கிறார். நாடகம் எமக்குக் கற்றுத்தரக்கூடிய மிகப் பெரிய பாடம் அதுவே என்று நாம் கருதுகிறோம்.

ஆசிரியைகளுக்காக ஒன்று. யூத உளவியலாளர் டான் பார்-ஓனும் பலஸ்தீனக் கல்வியாளர் சாமி அத்வானும் இருதரப்பு ஆசிரியர்களைக் கூட்டி ஒரு வரலாற்று நூலைத் தயாரித்தார்கள். முதற் பகுதி 2003 இல் வெளிவந்தது. ஒவ்வொரு பக்கமும் மூன்று நிரல்களாகப் பிரிக்கப்பட்டது. ஒன்றில் இஸ்ரேலியர் சொல்லும் வரலாறு, மற்றதில் பலஸ்தீனர் சொல்லும் வரலாறு, நடுவில் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் மாணவரே எழுத வேண்டும். இரு கல்வி அமைச்சுகளும் அதை வகுப்பறைக்கு ஏற்றுக்கொள்ளவில்லை என்பதிலிருந்தே, அந்த வெற்றிடம் எவ்வளவு கனமானது என்று அறியலாம்.

எமது நாட்டுக்கும் இது புதியதல்ல. பராக்கிரம நிரியெல்லவும் அவருடைய தோழர்களும் ஆரம்பித்த 'மக்கள் களரி'யில் சிங்கள, தமிழ் இளைஞர் யுவதிகள் ஒன்றாகத் தங்கி, ஒருவர் மொழியை மற்றவர் கற்று, இரு மொழிகளிலும் நடித்தார்கள். நகரும் கூடார அரங்கில் ஊர் ஊராகப் போனார்கள். மற்றவரின் மொழியில் வசனம் பேசுவது எவ்வளவு கடினம், எவ்வளவு பெறுமதியானது என்பதை அறிய நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை.

எனவே இன்றைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். நூறாவது ஆண்டில் இந்த மேடையில் நீங்கள் எந்த நாடகத்தைப் போட்டாலும், உங்களிலிருந்து மிகத் தொலைவில் இருப்பவளின் பாத்திரத்தை ஒரு முறையாவது கேட்டு வாங்குங்கள். அவளைப் பற்றி மற்றவர்கள் எழுதியதை வாசிக்குமுன், அவளே எழுதியதைத் தேடி வாசியுங்கள். ஒத்திகைக்கு யார் வரவில்லை, ஏன் வரமுடியவில்லை என்று கேளுங்கள். திரை விழுந்தபின் பார்வையாளரை உடனே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கதிரையை வட்டமாகப் போட்டுப் பேசவிடுங்கள்.

வெளிநாடுகளில் வாழும் எமது சகோதரிகளுக்கும் இதைத்தான் சொல்வோம். அடுத்த மேசையில் இருக்கும் யூத நண்பிக்கோ பலஸ்தீன நண்பிக்கோ தீர்வு சொல்லும் பொறுப்பு உங்களுடையதல்ல. அவரது கதையை முழுவதும் கேட்கப் பொறுமை வேண்டும். கேட்டபின் நியாயம் எந்தப் பக்கம் என்று தோன்றுகிறதோ, அதைச் சொல்லத் துணிவும் வேண்டும். இந்த இரண்டையும் எமக்குப் பழக்கியது இந்தப் பாடசாலையும் இந்த மேடையும்தான். அதற்காக எமது ஆசிரியைகள் எல்லோருக்கும், இன்று எம்மோடு இல்லாதவர்களுக்கும், தலைவணங்கி விடைபெறுகிறோம்.